மாமாவுக்கு எதுக்கு இத்தனை ஸ்கேன்?

போன மாசம் மார்த்தாண்டத்துல இருந்து கூடப் படிச்ச ஒருத்தன் போன் பண்ணினான், ராத்திரி பத்து மணி இருக்கும். அவனோட அம்மைக்கு இடது மார்புல கேன்சர், ஆபரேஷன் முடிஞ்சாச்சு, இனி ரேடியேஷன் வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. "எடே, சிடி ஸ்கேன் எடுத்தாச்சு, மேமோகிராம் எடுத்தாச்சு, எல்லா பிலிமும் கையில இருக்கு, இப்போ திரும்பவும் சிடி எடுக்க வரச் சொல்லுதாங்க, இது எதுக்குடே, காசு புடுங்கவா"ன்னு கேட்டான். பயத்துலதான் கேக்குறான்னு குரல்லயே தெரிஞ்சுது. ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இதே கேள்விய இதே குரல்ல கேட்டவன்தான். ஒரு மணி நேரம் பேசினேன், பேசி முடிச்சப்போதான் தோணுச்சு, இத எழுதி வச்சிருந்தா இன்னும் நாலு பேருக்கு உபயோகப்படுமேன்னு.

எங்க மாமா, அம்மையோட தம்பி, குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டு. முப்பது வருஷத்துக்கு மேல அதுதான் தொழில். விடியக்காலம் நாலரைக்கெல்லாம் தலையில லைட்ட கட்டிட்டு விளைக்குள்ள போயிருவாரு. பீடி உண்டு, அத மறைக்கதுக்கு இல்ல. குரல் கம்மி மூணு மாசம் ஆயும், "பனியில நடக்கேன்லா மக்களே, அதான்"னு சொல்லி சுக்குக் காப்பி குடிச்சே ஓட்டிட்டாரு. அப்புறம் கழுத்துல ஒரு நெறி கட்டினாப்பில வந்ததும்தான் மாமி பிடிச்ச பிடியில நாகர்கோவில்ல ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கொண்டு போனோம், அவரு உள்ள டியூப் விட்டு பாத்துட்டு மாமாவ வெளிய இருக்கச் சொல்லிட்டு என்னை மட்டும் உள்ள கூப்பிட்டாரு. குரல்வளையில கேன்சர், ஒரு நெறிக்கும் வந்திருக்கு. குரல்வளைய எடுக்காம காப்பாத்த பாக்கலாம், ரேடியேஷனும் வாரம் ஒரு கீமோவும்னு முடிவாச்சு. 70 கிரே (கதிர அளக்கிற அலகுதான் கிரே), அத 35 நாளா பிரிச்சு, நாளைக்கு 2 கிரே, வாரத்துல அஞ்சு நாள், மொத்தம் ஏழு வாரம். திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரி. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல பாதி பேருக்கு கேன்சர்னாலே திருவனந்தபுரம்தானே ஓர்மை வரும், 1981ல ஆர்சிசிங்கிற அந்த மண்டல கேன்சர் ஆஸ்பத்திரி அங்க வந்த நாள்லேர்ந்து களியக்காவிளை தாண்டி போற பஸ்ல அந்த பைல் கட்டோட ஒருத்தராவது இருப்பாங்க.

முதல்ல அந்த திரும்ப எடுக்கிற சிடி விஷயத்தை சொல்லிடுறேன், ஏன்னா எல்லாருக்கும் அங்கதான் முட்டுது.

நோய் கண்டுபிடிக்க எடுக்கிற சிடி வேற, ரேடியேஷனுக்கு எடுக்கிற சிடி வேற. மெஷின் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா செய்யிற காரியம் வேற. முதல் சிடியில படுக்குற பலகை நடுவுல குழிஞ்சு தொட்டில் மாதிரி இருக்கும், தலைக்கு மெத்து மெத்துனு ஒரு தலையணை வைப்பாங்க, கழுத்து எப்படி இருந்தாலும் பிரச்சனை இல்ல, கட்டி எங்க இருக்கு எவ்ளோ பெருசுன்னு தெரிஞ்சா போதும். ரேடியேஷன் மெஷின்ல இருக்கிற பலகை அப்படி இல்ல, சப்பட்டையா கட்டை மாதிரி இருக்கும். தொட்டில்ல படுத்தப்போ முதுகு வளைஞ்சிருக்கும், தாடை வேற பக்கம் சாஞ்சிருக்கும், அந்த படத்தை வச்சு கட்டைப் பலகையில படுத்திருக்கிற ஆளுக்கு குறி வச்சா குறி தப்பும். அதனால ஏழு வாரமும் எப்படி படுக்கப் போறாரோ அதே பலகை, அதே தலைமுட்டு, அதே மாஸ்க், எல்லாம் போட்டு ஒரு சிடி எடுக்கணும். இதுக்கு சிமுலேஷன்னு சொல்றாங்க. எங்க டெக்னீஷியன் சேட்டன் இத எனக்கு ரெண்டே நிமிஷத்துல சொன்னாரு, ரெண்டு பலகையையும் கையால தட்டிக் காட்டினாரு, அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்த பேசல.

மாஸ்க் செய்யிறத நான் கண்ணாடி வழியா பாத்தேன். வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு, பூரா ஓட்டை ஓட்டையா, சட்டத்துல மாட்டினது. அத 70 டிகிரி பக்கம் இருக்கிற வெந்நீர் தொட்டியில போட்டா ரப்பர் ஷீட்டு அடிக்கதுக்கு முன்னாடி பால் கட்டியா உறைஞ்சிருக்குமே அந்த மாதிரி தளதளன்னு ஆயிருது. எடுத்து துடைச்சு, சூடு தாங்குற அளவுக்கு ஆற வச்சு, ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் பிடிச்சு மாமா மொகத்துல இருந்து தோள் வரைக்கும் இழுத்து கீழ கிளிப்ப மாட்டினாங்க. மூக்கு, தாடை, கண்ணு குழி எல்லாம் விரலால அமுக்கி அச்செடுக்கிறாங்க. சில நிமிஷத்துல இறுகிருது. மூச்சு விடலாம், கண்ணு திறக்க முடியாது, பேச முடியாது. மாமா கை மட்டும் பலகை ஓரத்தை பிடிச்சிருந்துச்சு, முட்டி எல்லாம் வெளுத்துப் போய். அப்புறம் கேட்டதுக்கு "சூடு நல்லாதான் இருந்துச்சு, அந்த கிளிப்பு சத்தம்தான் ஒரு மாதிரி"ன்னு சொன்னாரு. பயப்படுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கையில ஒரு பெல்லு கேளுங்க, இல்லேன்னா கைய தூக்கினா நிறுத்திருவீங்களான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, நிறுத்துவாங்க, கேமராவுல பாத்துகிட்டேதான் இருக்காங்க. அது தெரிஞ்சாலே பாதி பயம் போயிரும்.

சுவத்துல இருந்து சிவப்பு லேசர் கோடு மூணு பக்கமும் வந்து விழும், அது சேருற இடத்துல மாஸ்க் மேல கூட்டல் குறி போட்டு, அதுல கடுகு சைஸ்ல உலோகக் குண்டு ஒட்டுவாங்க. சிடி படத்துல அது வெள்ளைப் புள்ளியா தெரியும். அதுதான் கணக்குக்கு ஆரம்பப் புள்ளி.

இந்த சிடிக்கு இன்னொரு வேலையும் இருக்கு, அது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் விளங்குச்சு. படத்துல இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நம்பர் உண்டு. தண்ணிக்கு 0, காத்துக்கு மைனஸ் 1000, எலும்புக்கு நூறு கணக்குல மேல. அந்த நம்பருக்கு பேரே ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட். கோட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுங்கிற இங்கிலாந்து எஞ்சினியர் செஞ்ச மெஷின்லதான் 1971ல லண்டன்ல முதல் நோயாளியோட மூளைய சிடி எடுத்தாங்க, 1979ல அவருக்கும் ஆலன் கார்மேக்குக்கும் நோபல் கொடுத்தாங்க. அந்த நம்பர் எதுக்குன்னா, கதிர் உள்ள போகும்போது எலும்புல எவ்ளோ குறையும், மூச்சுக்குழல் காத்துல எவ்ளோ குறையாம போகும்னு கம்ப்யூட்டர் அத வச்சுதான் கணக்கு போடுது. எம்ஆர்ஐ சதையை இத விட தெளிவா காட்டும், ஆனா அந்தக் கணக்குக்கு வேண்டிய நம்பர் அதுல நேரடியா கிடைக்காது. அதனாலதான் எம்ஆர்ஐ இருந்தாலும் அடித்தளமா சிடிய வச்சு, மத்த படத்தை அது மேல பொருத்துறாங்க. மாமாவுக்கு கடவாப்பல்லுல ஒரு உலோகத் தொப்பி இருந்துச்சு, சிடியில அது இருந்த குறுக்குவெட்டுப் படத்துல மட்டும் நட்சத்திரம் வெடிச்ச மாதிரி வெள்ளையும் கருப்புமா கோடு, பின்னாடி இருக்கிறது ஒண்ணும் தெரியல. ரேடியேஷனுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, கெட்ட பல்ல முதல்லயே பிடுங்கிரணும், பின்னாடி பிடுங்கினா தாடை எலும்பு ஆறாம போயிரலாம். அலட்சியமா இருக்காதீங்க, நாங்க அதுக்கு ஒரு வாரம் காத்திருந்தது நல்லதுக்குதான்.

அடுத்தது பெட் சிடி. இதுக்கு ஆறு மணி நேரம் பட்டினி, வெறும் தண்ணி மட்டும். குளுக்கோஸ் மாதிரியே இருக்கிற ஒரு பொருள்ல கதிரியக்க ஃபுளூரின் சேத்து ஊசி போடுவாங்க, கேன்சர் செல்லுக்கு சர்க்கரைப் பசி அதிகம், அது இழுத்து வச்சுக்கும், படத்துல அந்த இடம் பளிச்சுனு தெரியும். அந்த ஃபுளூரின் 110 நிமிஷத்துல பாதியா குறைஞ்சிரும், அதனால லேட்டா போனா மருந்து உங்களுக்காக காத்திருக்காது, நேரத்துக்கு போயிருங்க. ஊசி போட்டு ஒரு மணி நேரம் பேசாம அசையாம இருட்டு ரூம்ல இருக்கணும், பேசினா தொண்டைத் தசை சர்க்கரைய இழுத்து படத்துல அங்கயும் வெளிச்சம் வந்திரும், எங்க மாமாவுக்கு நோயே தொண்டையில, அதனால அந்த நர்ஸ் சேச்சி ரெண்டு தடவ வந்து "மிண்டாதெ கெடக்கணும் கேட்டோ"ன்னு சொல்லிட்டு போனாங்க.

இங்க ஒரு பெரிய கலவரம் நடந்துச்சு. ரிசல்ட் வரதுக்கு முன்னாடியே மாமா மவன் அந்த படத்த போன்ல வாங்கிட்டான். படத்துல மூளை பூரா எரியுது, மூத்திரப்பை எரியுது, நெஞ்சுல ஒரு பக்கம் வெளிச்சம். எல்லா இடமும் பரவிருச்சுன்னு நெனச்சு அவன் திற்பரப்பு பக்கம் ரோட்டோரம் பைக்க நிறுத்திட்டு அழுதிருக்கான், மாமிக்கும் சொல்லிட்டான். வீட்டுல அடுப்பு பத்தவைக்கல. ராத்திரி எனக்கு போன் வந்து, நான் டாக்டர பிடிச்சு கேட்டா, மூளைக்கு எப்பவுமே சர்க்கரைதான் சாப்பாடு, அது எல்லாருக்கும் எரியும், மிச்ச மருந்து மூத்திரம் வழியா போகுது அதான் பை எரியுது, நெஞ்சுல தெரிஞ்சது இதயம், அதுவும் சர்க்கரைய இழுக்கும்னு சொன்னாரு. நோய் இருந்தது குரல்வளையிலயும் கழுத்து நெறியிலயும் மட்டும்தான். சிடியில சாதாரண நெறி மாதிரி தெரிஞ்ச இன்னொரு சின்ன நெறியும் பெட்ல எரிஞ்சுது, அதையும் ரேடியேஷன் எல்லைக்குள்ள சேத்தாங்க. அந்த ஒரு நெறிய விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் யோசிப்பேன். தயவுசெஞ்சு பெட் படத்தை நீங்களா பாத்து முடிவு கட்டாதீங்க, ரேடியாலஜி டாக்டர் எழுதின ரிப்போர்ட் வரட்டும்.

இனி ஒரு வருத்தம், அதையும் சொல்லணும். எம்ஆர்ஐ நாங்க முன்னாடியே ஒரு ஸ்கேன் சென்டர்ல எடுத்திருந்தோம், பெரிய கவர்ல பிலிமும், படத்த பதிஞ்சு கம்ப்யூட்டர்ல போடுற ஒரு டிஸ்க் தட்டும் தந்தாங்க. ரேடியேஷன் ஆஸ்பத்திரியில தட்ட போட்டு பாத்தா உள்ள ஒண்ணுமில்ல, காலி. பிலிம வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா கம்ப்யூட்டர்ல ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா பொருத்தணும்னா டைகாம் ஃபைல் வேணும், அதாவது ஸ்கேன் மெஷின் எடுத்த அசல் கம்ப்யூட்டர் படம், போன்ல போட்டோ எடுத்து அனுப்பினதுக்கும் அதே கதிதான். திரும்ப ஊருக்கு வந்து, அங்க நிக்க வச்சு, நாளைக்கு வாங்க மறுநாள் வாங்கன்னு நாலு நாள் போச்சு. வளந்துட்டு இருக்கிற நோய்க்கு நாலு நாள்ங்கிறது சின்ன விஷயம் இல்ல, இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. அதனால எங்க ஸ்கேன் எடுத்தாலும் அந்த கவுண்டர விட்டு நகரதுக்கு முன்னாடி தட்ட அவங்க கம்ப்யூட்டர்லயே போட்டு தொறந்து காட்டச் சொல்லுங்க, முறைச்சாலும் பரவாயில்ல.

எல்லா படமும் சேந்ததும் பத்து நாள்கிட்ட ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். போன் வராது. மாமி தெனமும் "கூப்பிட்டாங்களா கூப்பிட்டாங்களா"ன்னு கேப்பாங்க. அந்த நாட்கள்ல உள்ள என்ன நடக்குதுன்னு கதிர் அளவ கணக்கு போடுற பிசிசிஸ்ட் ஒருத்தர் எனக்கு ஸ்கிரீன்ல காட்டினாரு, அவருக்கு நான் எப்பவும் கடன்பட்டிருக்கேன். தலை உச்சியில இருந்து நெஞ்சு வரைக்கும் 3 மில்லிமீட்டருக்கு ஒரு தட்டு, அதாவது ஒரு குறுக்குவெட்டுப் படம், அப்படி நூத்துக்கு மேல தட்டு. டாக்டர் ஒவ்வொரு தட்டுலயும் மவுஸ்ல கோடு வரையிறாரு. கண்ணுக்குத் தெரியுற கட்டிக்கு ஒரு கோடு, அத ஜிடிவின்னு சொல்றாங்க. கண்ணுக்குத் தெரியாம பக்கத்துல பரவியிருக்கலாம்னு அத சுத்தி இன்னொரு கோடு, சிடிவி. ஆளு கொஞ்சம் அசைஞ்சாலும், படுக்கிறதுல கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் தப்பக் கூடாதுன்னு அதுக்கும் வெளிய ஒண்ணு, பிடிவி. இது கொடுக்க வேண்டிய இடம். கொடுக்கக் கூடாத இடத்துக்கு தனியா கோடு, தண்டுவடம், மூளைத்தண்டு, காது பக்கம் இருக்கிற எச்சில் சுரப்பி, தாடை எலும்பு, எல்லாம் வேற வேற கலர்ல. தண்டுவடத்துக்கு 45 கிரே தாண்டாம பாப்பாங்க, தாண்டினா கை கால் விழுந்திரும்னு பயம். எச்சில் சுரப்பிக்கு சராசரி 26 கிரேக்கு கீழ வந்தா எச்சில் திரும்ப ஊறும். கட்டிக்கு 70, அதுல இருந்து ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளி தண்டுவடம். இத எழுதும்போதே கை நடுங்குது, நேர்ல அந்த கலர் கோடு எல்லாம் பாத்தப்போ எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

இத நான் மாமாகிட்ட சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் கேட்டுட்டு இருந்துட்டு சொன்னாரு, "இது நம்ம வெட்டு மாதிரிதான் மக்களே. பால் பட்டையிலதான் இருக்கு, மேல சும்மா வெட்டினா பால் வராது. ஆழமா வெட்டினா மரத்துல கொள்ளும், ஒரு மில்லி விட்டுட்டு கத்திய நிறுத்தணும். மரத்துல கொண்டா அந்த இடம் முண்டு முண்டா வளரும், பெறவு அந்தப் பட்டைய ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கு கை பழக்கம், இருட்டுலயும் வெட்டுவேன். அந்த டாக்டருக்கு உள்ள பாக்காம எப்படி தெரியும், அதான் படம் எடுக்காங்க." குரல் காத்தாதான் வந்துச்சு, ஆனா நான் ஒரு வாரமா படிச்சு புரிஞ்சுகிட்டத அவரு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் எத்தன ஸ்கேன் சொன்னாலும் அவரு முகம் சுளிக்கல.

பழைய காலத்துல இப்படி இல்ல. ரான்ட்ஜன் எக்ஸ்ரேய கண்டுபிடிச்சது 1895 நவம்பர் 8, அடுத்த வருஷமே கேன்சருக்கு வச்சு பாக்க ஆரம்பிச்சிட்டாங்க, ஆனா உள்ள எங்க போகுதுன்னு பாக்க வழியில்ல. ரொம்ப காலம் எக்ஸ்ரே பிலிம்ல தெரியுற எலும்ப அடையாளமா வச்சு ரெண்டு பக்கமும் சதுரமா கொடுத்திருவாங்க, கட்டியும் வேகும் எச்சில் சுரப்பியும் வேகும். எங்க பெரியம்மைக்கு அப்படி கோபால்ட் மெஷின்ல கொடுத்தது, நோய் போச்சு, இருபது வருஷம் இருந்தாங்க, அந்த மெஷினையோ டாக்டரையோ நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனா அந்த இருபது வருஷமும் ஒரு வாய் சோத்துக்கு ஒரு மடக்கு வெள்ளம் வேணும் அவங்களுக்கு. கல்யாண வீட்டுல பந்தியில உக்கார மாட்டாங்க. மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும்னா உயிரு, மரச்சீனி தொண்டையில ஒட்டிக்கும்னு அத நிறுத்திட்டாங்க. இங்கிலாந்துல பார்ஸ்போர்ட்னு ஒரு ஆராய்ச்சி, 2011ல வெளியானது, பழைய முறையில கொடுத்தவங்கள்ல ஒரு வருஷம் கழிச்சு 74 சதவீதம் பேருக்கு மோசமான வாய் வறட்சி, படத்த பாத்து வளைச்சு கொடுக்கிற ஐஎம்ஆர்டி முறையில அது 38 சதவீதம். எனக்கு அந்த நம்பர படிச்சப்போ பெரியம்மையோட செம்புதான் ஓர்மை வந்துச்சு, எங்க போனாலும் கையில இருக்குமே அது.

சிகிச்சை ஆரம்பிச்ச பிறகும் படம் நிக்காது. தெனமும் மாமா படுத்து, மாஸ்க் மாட்டி, லேசர் கோடு சரி பாத்து, கதவடைச்சதும் முதல்ல கதிர் வராது. மெஷின் பக்கத்துல ரெண்டு கை மாதிரி நீளும், ஒண்ணுல எக்ஸ்ரே குழாய், எதிர்ல ஒரு தட்டு. அது ஆள சுத்தி வந்து ஒரு குட்டி சிடி எடுக்கும், கோன் பீம் சிடின்னு பேரு. வெளிய இருக்கிறவங்க அந்தப் படத்தை முதல் நாள் பிளான் சிடி மேல வச்சு, எலும்பு எலும்போட பொருந்துதான்னு பாத்து, 2 மில்லி வலது, 1 மில்லி மேலன்னு பலகைய அங்க இருந்தே நகத்துவாங்க. அப்புறம்தான் கதிர். கதிர் ஓடுறது சில நிமிஷம்தான், வலி இல்ல, சூடு இல்ல, ஒண்ணும் தெரியாது. தெனமும் ஸ்கேன் எடுத்தா அந்த கதிரும் உடம்புக்கு கூடுதல் தானேன்னு நான் கேட்டேன், நியாயமான கேள்வின்னுதான் சொன்னாங்க. சிகிச்சைக்கு நாளைக்கு 2 கிரே, அதாவது 2000 மில்லிகிரே, தலை கழுத்துக்கு எடுக்கிற இந்தப் படத்துக்கு சில மில்லிகிரே. அந்த சில மில்லிகிரேய மிச்சம் பிடிக்கப் போய் 2000த்த தப்பான இடத்துல கொடுத்துரக் கூடாதுல்லா.

இது எவ்ளோ முக்கியம்னு நாலாவது வாரம்தான் எங்களுக்கு தெரிஞ்சுது. வாய்ப்புண்ணு, முழுங்க முடியல. மாமி கஞ்சிய மிக்சியில அடிச்சு கொடுப்பாங்க, மாமா மாமி கண்ணு மறைஞ்சதும் ரூம் வாஷ்பேசின்ல கொட்டிருவாரு, முழுசா குடிச்சேன்னு சொல்லிருவாரு. எங்க யாருக்கும் தெரியாது. படத்துக்கு தெரிஞ்சிருச்சு. ஒரு நாள் டெக்னீஷியன் வெளிய வந்து என்னைய உள்ள கூப்பிட்டு காட்டினாரு, மாஸ்க்குக்கும் கழுத்துக்கும் நடுவுல கருப்பா ஒரு இடைவெளி, முதல் நாள் படத்துல அங்க சதை. எடை பாத்தா 58ல இருந்து 51. மாஸ்க் லூசு, உள்ள கழுத்து திரும்ப இடம் இருக்கு. கட்டி சுருங்கியிருக்கு, நல்லதுதான், ஆனா எச்சில் சுரப்பி ரெண்டும் சுருங்கி உள்ள நகந்து அதிகமா கதிர் படுற பக்கம் வந்திருக்கு. புது மாஸ்க், புது சிடி, திரும்ப கோடு, திரும்ப பிளான், ரெண்டு மூணு நாள்ல முடிச்சாங்க. மூக்கு வழியா ஒரு டியூபும் போட்டாங்க, மாமா வேண்டாம்னுதான் சொன்னாரு, மாமி அவரு முன்னாடி நின்னு "படத்துல எல்லாம் தெரியுது பாத்துக்கோங்க, இனி நீங்க கொட்டினாலும் எனக்கு தெரியும்"னு அழுதுட்டே சொன்னதும் சம்மதிச்சாரு. எடை குறையுறத மறைக்காதீங்க, தலை கழுத்து ரேடியேஷன்ல எடைங்கிறது குறி தப்புமா தப்பாதாங்கிற கேள்வி.

அந்த மார்த்தாண்டத்து நண்பனுக்கு நான் சொன்னதையும் எழுதிடுறேன், மார்புக்கு வேற கதை. இடது மார்புக்கு பின்னாடி இதயம் இருக்கு. 2013ல ஸ்வீடன், டென்மார்க் பெண்கள வச்சு நடந்த பெரிய ஆராய்ச்சியில இதயத்துக்கு சராசரியா 1 கிரே கூடுதலா போனா பிற்காலத்துல மாரடைப்பு மாதிரி பிரச்சனை வரதுக்கு 7.4 சதவீதம் கூடுதுன்னு கணக்கு சொன்னாங்க. அதனால நல்லா மூச்ச இழுத்து பிடிக்கச் சொல்லி சிடி எடுக்கிறாங்க, நுரையீரல் காத்தால உப்பினதும் இதயம் நெஞ்சுக்கூட்ட விட்டு கொஞ்சம் விலகிரும், அந்த நேரத்துல மட்டும் கதிர். அம்மைய வீட்டுல இப்பவே இருபது எண்ணுற வரைக்கும் மூச்சு பிடிச்சு பழகச் சொல்லுன்னேன். கர்ப்பப்பை வாய்க்கு கொடுக்கும்போது தெனமும் ஒரே அளவு தண்ணி குடிச்சு மூத்திரப்பைய நிறைச்சுட்டு வரச் சொல்றதும் இதே காரணம்தான், பை நிறைஞ்சா குடல் மேல ஒதுங்கிரும். அவசரத்துல அரை பாட்டில் குடிச்சுட்டு குடிச்சேன்னு சொல்லாதீங்க, அதுவும் படத்துல தெரியும்.

ஊர்ல இன்னொரு பயம் உண்டு, நம்ம ஊர்ல அது கொஞ்சம் கூடுதலாவே உண்டு. மணவாளக்குறிச்சி மணல்ல 1909ல மோனசைட்ங்கிற தாதுவ கண்டுபிடிச்சு, பெறவு தோண்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, அதுல கதிர் விடுற தோரியம் இருக்கிறதால, கதிர்ங்கிற வார்த்தைய கேட்டாலே நம்ம ஆளுங்களுக்கு நெஞ்சு பதறும், அந்தப் பதற்றத்துக்கு காரணம் இருக்கு. ஆனா வெளிய இருந்து மெஷின்ல கொடுக்கிற ரேடியேஷன் சுவிட்ச் அணைச்சதும் போச்சு, உடம்புல ஒண்ணும் தங்காது. மாமாவுக்கு தனி தட்டு, தனி டம்ளர் வச்சிருந்தாங்க வீட்டுல, பேரப்பிள்ளைய பக்கத்துல விடல, சனி ஞாயிறு ஊருக்கு வந்தா அவரு திண்ணையிலயே இருப்பாரு, பிள்ளை வாசல்ல நின்னு பாக்கும். நான் டாக்டர்கிட்ட ஸ்பீக்கர்ல பேச வச்சேன், பெட் சிடி எடுத்த அன்னைக்கு மட்டும் சின்னப் பிள்ளைங்க, கர்ப்பிணிங்க பக்கத்துல போகாம இருந்தா போதும், மத்த நாள் தாராளமா மடியில வைக்கலாம்னு அவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள பிள்ளை மடியில ஏறிருச்சு.

முடிஞ்ச பிறகு பெட் சிடிக்கு மூணு மாசம் காத்திருக்கணும்னு சொன்னாங்க. அந்த மூணு மாசம்தான் ஏழு வாரத்த விட கஷ்டம். சீக்கிரம் எடுத்தா வெந்த புண்ணும் எரியுற மாதிரிதான் தெரியும், நோயா புண்ணான்னு பிரிக்க முடியாது. 2016ல வந்த ஒரு இங்கிலாந்து ஆராய்ச்சியில 564 பேர பாத்து, 12 வாரத்துல பெட் சிடி எடுத்து சுத்தமா இருந்தா கழுத்து ஆபரேஷன் வேண்டாம், உயிர் பிழைக்கிறதுல குறைவில்லன்னு காட்டியிருக்காங்க. மாமாவுக்கு 13வது வாரம் எடுத்தோம். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டினாரு. மூளை எரியுது, மூத்திரப்பை எரியுது, குரல்வளை இருட்டு, நெறி இருந்த இடம் இருட்டு. அன்னைக்கு மாமா மவன் அந்தப் படத்தை சரியா படிச்சான், மூளையும் பையும் எரிஞ்சா தப்பில்லல்லான்னு அவனே டாக்டர்கிட்ட சொன்னான்.

இப்போ மாமா விளைக்கு போறாரு, முன்ன மாதிரி முந்நூறு மரம் இல்ல, நூறு மரம். பீடி இல்ல. குரல் கரகரப்புதான், ஆனா மரத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆளுக்கு கேக்கும். ரெண்டாவது மாஸ்க்க அவங்ககிட்ட கேட்டு வாங்கிட்டு வந்திருக்காரு, மாமி வீட்டுக்குள்ள வைக்க விடல, அதனால ஷீட்டு உணத்துற புகைப்பெரையில கொண்டு மாட்டப் போனாரு, அங்க சூட்டுல இளகிரும் மாமான்னு நான்தான் தடுத்தேன். இப்போ மழைக்கு கட்டுற பிளாஸ்டிக்கும் கத்தியும் வைக்கிற சாய்ப்புல ஆணியில தொங்குது, நெத்தியில அந்த கூட்டல் குறியோட. அடுத்த செக்கப் சித்திரையில.